நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட கதை

எண்பத்து நான்காம் வருடம் எனக்கு நடந்தது காது ஆப்பரேஷன் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயிலிலும், சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும், வேலையிடத்திலும் நான் சொல்லி வைத்தது அப்படி. உண்மையில் செய்துகொண்டது பேஸ் லிஃப்ட். முகத்தில் தொங்கிப்போன தோலை இழுத்துத் தைக்கும் ஆப்பரேஷன். இப்போது இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி யாருக்குத் தெரிந்தால் எனக்கென்ன. அப்போது எனக்கு யாராவது இதைப் பற்றி நம் பாஷையில் விவரமாக, மறைக்காமல் சொல்லியிருந்தால் என் எரிச்சலில் பாதியாவது குறைந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அதற்கு மூன்று வருடம் முன்னால் வயிற்றுப் புண் முற்றி, இரைப்பையில் பாதிக்குமேல் வெட்டி எடுத்திருந்தார்கள். அதன்பிறகு ஒரு வேளைக்கு நாலு கவளத்துக்கு மேல் இறங்காது. நன்றாகத் தளதளவென்று இருந்தவள் ஒரே வருடத்தில் பாதியாகிவிட்டேன். உடம்பு இளைத்தது, தோல் மட்டும் இளைக்க மறந்துவிட்டது. கன்னத்துத் தோல் வழிந்து தாடையின் இரண்டு ஓரங்களிலும் பை மாதிரி தொங்கியது. வாயின் இரு முனைகளும் கீழே இறங்கிவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அழுதுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பேன்.

"என்ன ரோஸ்லின், வீட்டுல ஏதும் துக்கமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. பஸ்ஸில் கேட்பார்கள். தேக்கா மார்க்கெட்டில் கீரைக்காரர் கேட்பார். "ஒண்ணுமில்லேங்க" என்றால் நம்பமாட்டார்கள். பாவம், சொல்ல மாட்டேங்குது என்று இன்னும் அனுதாபமாகப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் கேட்டால், ஆறாவது ஆள் கேட்பதற்குள் எனக்கே உண்மையில் துக்கம் வந்துவிடும்.

அதுவும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு கவுண்டரில் பதினாறு வருடமாக நின்றவள் நான். என் மேலதிகாரி, என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பையன், ஒரு நாள் கூப்பிட்டு, விருந்தாளிகள் நான் சந்தோஷமாக இல்லை என்று நினைப்பதாக மிக மரியாதையாகச் சொன்னான். மறுவாரம் என்னைப் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத டெலிபோன் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் அதே. முகம் மட்டும் வேண்டாம், குரல் போதும் என்று அர்த்தம்.

வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் அந்தோணி பேப்பரை மடிக்காமலே கேட்டார். துறைமுகத்தில் கிளார்க். வாயைத் திறந்து பேசினால் வரி போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற ஜாதி.

"பேஸ் லிஃப்ட் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கே."

"நல்லா இருந்தா எதுக்குங்க என்னைக் கொண்டுபோய் பின்னால அடைச்சு வச்சிருக்காங்க?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். மகள் ஸ்டெல்லாதான், அவள் அப்போது பேங்கில் சேர்ந்து ஒரு வருடம், சாப்பாட்டு மேசையிலிருந்து சொன்னாள்: "அப்பா, அம்மா முகம், அம்மா சேவிங்ஸ். லெட் ஹெர் டூ இட் லா."

டாக்டரைப் பார்க்கப் போன முதல் நாள் என்னை ஒரு சுவரோரம் நிறுத்தி நேராக, இடப்பக்கமாக, வலப்பக்கமாகப் படம் எடுத்தார்கள். போலீஸில் பிடிபட்டவளைப் போல நின்றேன். பிறகு டாக்டர் ஒரு தாளில் முகம் வரைந்து காட்டினார். நெற்றிப்பொட்டில் முடிக்குள் ஆரம்பித்து, காதுக்கு முன்னால் இறங்கி, காது மடலைச் சுற்றிக்கொண்டு, காதுக்குப் பின்னால் மறுபடி முடிக்குள் போகும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் வெட்டி, கன்னத் தோலை அடியிலிருந்து பிரித்து, அதற்குக் கீழே இருக்கும் சவ்வை இழுத்துத் தைத்து, தோலை மேல்நோக்கி இழுத்து, மிஞ்சியதை வெட்டிவிடுவார்களாம். தொளதொளத்த ரவிக்கையைப் பிடித்துத் தைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. நம்மவர்கள் தோலில் தழும்பு சில சமயம் தடித்துப்போகும் என்பதால் என் வயிற்றுத் தழும்பையும் பார்த்தார். அது கோடு மாதிரி மெலிந்திருந்தது. திருப்தியானார்.

கடைசியில் ஆபத்துகளைச் சொன்னார். ரத்தக் கட்டு, கிருமி, தழும்பு, சில சமயம் நரம்பு. ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நானும் ஒரே மூச்சில் தலையாட்டினேன். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். நரம்பு என்றால் எந்த நரம்பு, அது போனால் எது போகும், எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். டாக்டர் எழுந்து நின்றாலும் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

அட்மிட் ஆன அறையில் இரண்டே கட்டில். மற்றதில் லெட்சுமி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். துவாஸில் ஒரு கப்பல் பட்டறை கேண்டீனில் சமையல். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, கழுத்தும் தோளும் வெந்துபோயிருந்தன. ஆறிய தோல் சுருங்கி மோவாயை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தது. அதனால் அவள் எப்போதும் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பாள். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் பின்னால் சாய்க்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை வெட்டிவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப்போகிறார்கள் என்றாள்.

"உங்களுக்கு என்ன அக்கா?"

"காது."

அவள் உடம்பைச் சாய்த்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காதுக்கு எதுக்கு இந்த வார்டுல போட்டிருக்காங்க? இங்க தோல் கேஸ்தானே."

வந்து அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டேன். அப்படி வெந்துபோனவளிடம் என் தொங்கல் கன்னத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். அவள் சிரிப்பாள், அல்லது முகத்தைச் சுளிப்பாள் என்று காத்திருந்தேன்.

"நானும் அழகுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் லெட்சுமி. "தலை நிமிராம வேலை செய்ய முடியலேன்னு கம்பெனில எழுதிக் குடுத்தேன். அப்படிச் சொன்னாத்தானே ஒத்துக்குவாங்க. வேலையெல்லாம் குனிஞ்சுதானே அக்கா செய்யறோம்? நிமிந்து என்ன ஆகப்போகுது? எனக்குப் பின்னல்ல பூ வச்சுக்கிட்டு நாலு பேரு மாதிரி நிமிந்து நடக்கணும். இதை ஃபாரத்துல எழுத முடியுமா?"

மறுநாள் காலை எனக்குத்தான் முதலில்; லெட்சுமிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஸ்டாஃப் நர்ஸ் கமலம் என்று ஒரு தமிழ் அம்மா, மண் நிற மருந்தை ஊற்றி என் தலையை இரண்டு முறை அலசினார். காதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியைச் சிரைத்து, மீதியைச் சின்னச் சின்னக் குடுமிகளாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டார். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது லெட்சுமி கட்டிலில் சாய்ந்து பார்த்து, "அக்கா, இப்பவே பத்து வயசு குறைஞ்சிருச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு மணி நேரம் ஆனதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் மயக்க ஊசியும், பிறகு தலையைச் சுற்றி நெருக்கமாக ஒரு கட்டும்தான். கண், மூக்கு, வாய் மட்டும் வெளியே. இரண்டு காதுக்குப் பின்னாலிருந்தும் மெல்லிய குழாய்கள் வந்து சின்ன பாட்டில்களில் ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தன. காது இரண்டும் பஞ்சுக்குள். யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான் ஊரெல்லாம் சொன்ன பொய் அந்த மட்டில் உண்மையாயிற்று. வலி? வலி என்று பெரிதாக இல்லை. வயிற்று ஆப்பரேஷனோடு ஒப்பிட்டால் கால் பங்குகூட இல்லை. இறுக்கம்தான். ரொம்பச் சின்ன தொப்பியை யாரோ மூக்குவரை இழுத்து மாட்டிவிட்டது போல.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். அந்தோணி பிளாஸ்க்கில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து, உறிஞ்சுகுழலை என் உதட்டருகே பிடித்தார். அப்போதுதான் இடது கன்னம் கனக்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் அது வலியாக மாறியது. உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது. பக்கத்தில் வந்த இளம் நர்ஸிடம் சொன்னேன். "நார்மல், ஆன்ட்டி" என்றாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சொன்னேன். "ஆப்பரேஷன் முடிஞ்சா அப்படித்தான். நார்மல்." அந்த வார்த்தையை அதன்பிறகு ஆறு மாதத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. இன்றைக்கும் யாராவது நார்மல் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தோணி என்னைப் பார்த்தார். எதுவும் பேசாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. இந்த நேரத்திலா எழுந்து போவது!

லெட்சுமிதான் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து, உடம்பைச் சாய்த்து என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அக்கா, இடது பக்கம் வீங்குது. வலது பக்கம் அப்படி இல்லியே. கண்ணுகூட மூடிக்கிட்டு வருது." மணியை எடுத்து விடாமல் அழுத்தினாள். யாரும் வராததால் வாசலில் போய் நின்று, "மிஸ்ஸி! மிஸ்ஸி! யாராச்சும் வந்து பாருங்க!" என்று நர்ஸுகளைக் கூப்பிட்டுத் தாழ்வாரம் அதிரக் கத்தினாள். அந்தச் சத்தம் என் பஞ்சைத் தாண்டிக் கேட்டது.

ஸ்டாஃப் நர்ஸ் கமலம் ஓடிவந்தார். அவர் பின்னாலேயே அந்தோணி. அவர் அந்த அம்மாவைத் தேடிக்கொண்டுதான் ஒவ்வோர் அறையாகப் போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லிவிட்டுப் போனால் என்ன? வரி போட்டுவிடுவார்களோ?

கட்டைக் கத்தரித்துப் பார்த்ததும் கமலத்தின் முகம் மாறிவிட்டது. தோலுக்கு அடியில் ஒரு சின்ன ரத்தக் குழாய் கசிந்து, ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. குழாயால் வடிகிற அளவைத் தாண்டிவிட்டது. அப்படியே விட்டால் அந்த ரத்தம் மேல்தோலைத் தள்ளித் தள்ளி, தோலுக்கு ஊட்டம் போகாமல் கறுத்துச் செத்துப்போகும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டர். தையலைப் பிரித்து, கட்டியை எடுத்து, கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்து, மீண்டும் தைத்தார்கள். ஆகவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் சமமாக இறுக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் வலித்து, அந்த வலி நேரம் ஆக ஆக ஏறினால் கத்துங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்துக் கட்டிலைக் கத்தச் சொல்லுங்கள்.

அடுத்த நாள் கட்டுப் பிரித்தபோது டாக்டர் என்னைக் கண்ணை இறுக மூடச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார். எல்லாம் சரி. சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். பல்லைக் காட்டச் சொன்னார். மறுபடி சொன்னார். பிறகு நர்ஸிடம் ஏதோ எழுதச் சொன்னார்.

கீழுதட்டின் இடது பாதி அசையவில்லை. கீழுதட்டைக் கீழே இழுக்கிற தசைக்குத் தாடை ஓரமாக ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டுக் கன்றிப்போயிருக்கிறது என்றார். வலது பக்கம் உதடு இறங்கிக் கீழ்வரிசைப் பல் தெரியும். இடது பக்கம் மூடியபடி நிற்கும். சிரித்தால் கோணல்.

"எப்போது சரியாகும்?"

மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம் என்றார்.

"ஆகாமல் போனால்?"

பெரும்பாலும் ஆகிவிடும் என்றார். பெரும்பாலும்! சிரித்த முகம் வேண்டும் என்று போனவளுக்குச் சிரிப்பையே கோணலாக்கிக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும்.

லெட்சுமியின் கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதை வாங்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பலாப்பழம் மாதிரி வீங்கி, கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம், காதுக்கு முன்னால் கறுப்புத் தையல்கள் எறும்பு வரிசை போல. வீக்கம் இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சத்துக்கு ஏறும், அன்றைக்குக் கண்ணாடி பார்க்கிற எல்லாரும் அழுவார்கள் என்று கமலம் பிறகு சொன்னார். முன்கூட்டியே சொன்னால் குறைந்தா போய்விடும்? நான் அழுதேன். அழுதால் தையல் இழுக்கும் என்றார்கள். நிறுத்தவும் முடியவில்லை.

வயிற்று ஆப்பரேஷனின்போது என் கட்டிலைச் சுற்றிப் பழக்கூடை அடுக்கி வைக்க இடமில்லை. பங்குச் சாமியார்கூட வந்து மந்திரித்துப் போனார். இந்த முறை வந்தது ஒரே ஒருவர், என் நாத்தனார் பிலோமினா. காது ஆப்பரேஷன் என்று கேள்விப்பட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஜெபமாலையுமாக, நாலாம் நாள் வந்து நின்றார்.

"காதுல ஆப்பரேஷன்னா கழுத்து ஏன் பச்சையா இருக்கு?"

நான் வாயைத் திறக்க முடியாதவள் மாதிரி நடித்தேன். அந்தோணி சுவரைப் பார்த்துக்கொண்டு, "காதுல கிழிச்சா ரத்தம் அப்படியே கீழ எறங்கும்க்கா. டாக்டர் சொன்னாரு" என்றார். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அந்த மனிதர் தன் அக்காவிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார்.

இரண்டாவது வாரத்திலிருந்து வீடு. அந்த நாட்களைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள், ஆஸ்பத்திரியைவிட அதுதான் பொறுமையைச் சோதிப்பது. மூன்று தலையணை வைத்து மல்லாந்தே படுக்க வேண்டும். குனிந்து ஒரு துடைப்பம் எடுக்கக் கூடாது. அதிகம் மெல்லக் கூடாது, அதிகம் பேசக் கூடாது. காதுக்கு முன்னால் போட்ட தையலை ஐந்தாம் நாளே எடுத்துவிட்டார்கள். பின்னால் இருந்ததைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள், அரிப்பில் பைத்தியம் பிடித்தது. கன்றிய நிறம் ஊதாவிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டே கழுத்து வழியாக நெஞ்சுவரை இறங்கியது. கன்னமும் காது மடலும் மரத்துக் கிடந்தன. தோடு போடுவதற்குக் கண்ணாடி வேண்டும், துளை எங்கே என்று விரலுக்குத் தெரிந்தாலும் காதுக்குத் தெரியாது. தலைக்குச் சாயம் ஆறு வாரம் கூடாது என்றதால் வகிட்டில் நரை வெள்ளைக் கோடாக வளர்ந்தது. இழுத்துக் கட்டிய முகத்துக்கு மேலே நரைத்த தலை, கீழே கோணல் வாய்.

ஸ்டெல்லா வேலை முடிந்து வந்து, குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, குழந்தை ஷாம்பு போட்டுத் தையலில் நகம் படாமல் தலை அலசிவிடுவாள். "அம்மா, டோன்ட் மூவ் லா, ப்ளீஸ்" என்பாள், நான் அசையாமலே இருக்கும்போது. அந்தோணி காலையில் வேலைக்குப் போகுமுன் கஞ்சி காய்ச்சி, வடித்து, ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவார். உப்புச் சரியாக இருக்கும். ஆனால் என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். கிண்ணத்தைப் பார்த்துப் பேசுவார், டிவியைப் பார்த்துப் பேசுவார். நான் திரும்பினால் அவர் கண் வேறெங்காவது இருக்கும். பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட நான் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

இரண்டு மாதம் ஆனபிறகு வேலைக்குப் போனேன். வீக்கம் வடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், சும்மா இருக்கும்போது முகம் நன்றாகத்தான் இருந்தது. தாடைக்குக் கோடு வந்துவிட்டது, பைகள் இல்லை. துக்கமா என்று எவரும் கேட்கவில்லை. மேலதிகாரி பார்த்துவிட்டு நல்ல ஓய்வெடுத்த மாதிரி இருக்கிறேன் என்றான். கவுண்டரைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போது பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அவன் பார்வை என் வாயில் போய் நின்று, உடனே மேசைக்குத் திரும்பியது. புதிதாக இரண்டு பெண்களைச் சேர்த்தாகிவிட்டது, டெலிபோன் அறையில் என்னைப்போல அனுபவசாலி தேவை என்றான். அந்தக் கவுண்டருக்கு நான் அதன்பிறகு திரும்பவே இல்லை.

அந்த வாரமே தேக்காவில் லெட்சுமியைப் பார்த்தேன். பூக்கடை முன்னால் நின்றிருந்தாள். மோவாய் நெஞ்சைவிட்டு எழும்பியிருந்தது. முழுதாக இல்லை, இன்னொரு ஆப்பரேஷன் பாக்கி என்றாள். ஆனால் உடம்பைச் சாய்க்காமலே என்னை நேராகப் பார்த்தாள். சந்தோஷத்தில் நானும் சிரித்தேன்.

"முகம் நல்லா வந்திருக்கு அக்கா" என்றாள். "ஆனா சிரிக்கும்போது பாதி முகத்துக்கு மட்டும் கோவம் மாதிரி இருக்கு."

"பாதி இல்லடி, முழுசும் கோவம்தான்" என்றேன்.

என்னைப் பார்த்து இப்படி நேரடியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவளுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் போனது. நாலு போனது. ஒவ்வொரு காலையும் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிப் பார்ப்பேன். இடது உதடு செங்கல் மாதிரி கிடக்கும். நாலாம் மாதத்துக்குப் பிறகு அப்படிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். டாக்டரிடம் போனால் பொறுங்கள் என்றார். காத்திருப்பதற்குக்கூட ஒரு மாத்திரை கண்டுபிடிக்கக் கூடாதா இவர்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பங்கு ஆல்பத்துக்காகக் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, கொஞ்சம் ஒழுங்கா சிரிங்க" என்றார். சிரித்தேன். "ஃபுல்லா சிரிங்க ஆன்ட்டி, ஏன் இப்படி வச்சுக்கிறீங்க?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை சொன்னபோது நான் உதட்டை மூடிக்கொண்டேன். அந்தோணி என் பக்கத்தில் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு ஊமையாக நின்றார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் வெடித்துவிட்டேன்.

"அத்தனை பேரு முன்னாடி அவன் கேட்கிறான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க? எடுத்த வரைக்கும் போதும்ப்பான்னு சொல்ல வாய் வராதா? ஆப்பரேஷன் பண்ணிக்காதேன்னும் சொல்லல, பண்ணிக்கோன்னும் சொல்லல. அஞ்சு மாசமா கஞ்சி காய்ச்சி வச்சிட்டுப் போறீங்க, என் முகத்தை ஒரு தடவை நிமிந்து பார்த்திருப்பீங்களா? வீட்டுல நாற்காலி இருக்கு, மேசை இருக்கு, நானும் இருக்கேன். அப்படித்தானே?"

அவர் சட்டைப் பித்தானைப் பாதி கழற்றியபடி நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் ஓர் அடி வந்தார். என் வாயைப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்த?"

"இப்ப சொன்னியே, அதேதான். அதே கோவத்தோட."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கு என்னைப் பார்த்தா விளையாட்டா இருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

"எறங்குது" என்றார் அந்தோணி. "இடது பக்கமும் கீழ்ப்பல் தெரியுது ரோஸ்லின். போன ஞாயித்துக்கிழமை தெரியல. புதன்கிழமை ஸ்டெல்லா லேட்டா வந்தாள்னு திட்டினே பாரு, அப்ப லேசா துடிச்சுச்சு. எனக்கு நிச்சயமாத் தெரியாம உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நீங்கதான் பார்க்கவே மாட்டீங்களே."

"நேராப் பார்த்தா நீ திரும்பிக்கிறே. டிவி கண்ணாடியில பார்ப்பேன். பக்கவாட்டுல இருந்து பார்ப்பேன். சாப்பிடும்போது பார்ப்பேன். சிரிக்கும்போது இன்னும் வரல. கோவத்துலதான் முதல்ல வருது."

குளியலறைக் கண்ணாடிக்கு ஓடினேன். பல்லைக் காட்டினேன். இடது ஓரத்தில், கொஞ்சமே கொஞ்சம், நகக் கனத்துக்கு உதடு இறங்கி ஏறியது. திரும்பவும் செய்து பார்த்தேன். திரும்பவும் இறங்கியது. வாசலில் அவர் வந்து நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் நன்றி சொல்லியிருக்கலாம், அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கலாம். எனக்கு ஐந்து மாதத்துப் பாக்கி இருந்தது.

"அப்ப புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டியதுதானே? அன்னிலேருந்து நாலு நாள் நான் சும்மா சாகணுமா?" என்று ஆரம்பித்தேன். சோறு ஆறிப்போகும்வரை நிறுத்தவில்லை. அவர் ஹாலிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் எதிரில் போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.